நுரையீரலில் புள்ளி, தலையில் பழைய தழும்பு

மண்ணடி ஏஜென்ட் மூலமாக வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு முதல் கண்டம் மெடிக்கல்தான். மார்பு எக்ஸ்ரேயில் வட்டமாக ஒரு புள்ளி தெரிந்தால் போதும், 'அன்ஃபிட்' என்று எழுதிவிடுவார்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் அந்த எக்ஸ்ரேயை யாரிடம் காட்டினாலும் இரண்டே கேள்விதான் வரும்: டி.பி.யா, கேன்சரா? எண்ணூர்க்காரராக இருந்தால் நிலக்கரித் தூசியையும் சேர்த்துக்கொள்வார்கள். எப்போதோ வந்து ஆறிய டி.பி.யின் தழும்பாகவோ, இப்போது இருக்கிற டி.பி.யாகவோ, நுரையீரல் புற்றாகவோதான் பெரும்பாலும் முடியும். அந்தச் சந்தேகங்களில் தப்பில்லை.

மிக அரிதாக வேறொன்றும் உண்டு. பல வருடம் முன்பு மூளையின் உறையில் இருந்த கட்டியை எடுத்திருப்பார்கள். "சாதா கட்டிதாம்மா, கேன்சர் இல்ல" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். முடி வளர்ந்து தழும்பு மறைந்திருக்கும். அந்தக் கட்டியின் செல்கள்தான் இப்போது நுரையீரலில் உருண்டை உருண்டையாக உட்கார்ந்திருக்கும். மார்பைப் பார்க்கிற டாக்டர் தலையைப் பற்றிக் கேட்பதில்லை. 'அது வேற, இது வேற' என்று நோயாளியும் வாய் திறப்பதில்லை. இந்த நோயில் நடக்கிற பாதிக் குழப்பம் அந்த ஒரு தகவல் விட்டுப்போவதால்தான்.

மூளையைச் சுற்றி மூன்று உறைகள் உண்டு. வெளியே தடித்த டியூரா, நடுவில் அரக்னாய்டு, மூளையோடு ஒட்டிய பயா. நடு உறையின் செல்களிலிருந்து கிளம்பும் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று 1922-ல் பெயர் வைத்தவர் அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங். பெரியவர்களுக்கு மண்டைக்குள்ளேயே உருவாகும் கட்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் இதை மூன்று கிரேடாகப் பிரிக்கிறது. ஏறக்குறைய 80 சதவீதம் கிரேடு 1, அதாவது ஜனங்கள் சொல்கிற சாதா கட்டி. மைக்ராஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்க்கும் பத்துப் புலங்களில், பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் 4 முதல் 19 வரை இருந்தால் கிரேடு 2. இருபதும் அதற்கு மேலும் போனால் கிரேடு 3. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் கட்டி மூளைத் திசுவுக்குள் புகுந்திருந்தால் அது கிரேடு 2 ஆகிவிடும். 2021 வகைப்பாட்டில் மரபணுவும் சேர்ந்துவிட்டது: டெர்ட் மரபணுவை முடுக்கும் பகுதியில் (புரொமோட்டர்) மாற்றம் இருந்தாலோ, சி.டி.கே.என்.2ஏ அல்லது 2பி மரபணுவின் இரண்டு பிரதிகளும் போயிருந்தாலோ, தோற்றம் சாதுவாக இருந்தாலும் கிரேடு 3 என்றே எழுத வேண்டும்.

ஏன் வருகிறது என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடிகிறவை சிலதான். சின்ன வயதில் தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சு ஒன்று, என்.எஃப்.2 என்ற பரம்பரைக் கோளாறு ஒன்று, சில ஹார்மோன் மருந்துகள் ஒன்று. மூன்றாவதில் நம் ஊருக்குச் சம்பந்தம் இருக்கிறது. அரசு சுகாதார நிலையங்களில் 'அந்தரா' என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற கருத்தடை ஊசியில் இருப்பது மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன். 2024-ல் பி.எம்.ஜே. இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வு, இந்த ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்டுக்கொண்ட பெண்களுக்கு, ஆபரேஷன் தேவைப்படும் மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு 5.6 மடங்கு என்று கணக்கிட்டது. பயந்துபோய் ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை. மிகச் சிறிய எண்ணை 5.6-ஆல் பெருக்கினாலும் அது சிறிய எண்தான். ஆனால் ஏற்கனவே மெனிஞ்சியோமா எடுத்த பெண் இந்த ஊசி போட்டுக்கொள்கிறார் என்றால், அதை நரம்பியல் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். எண்ணூர் புகைக்கும் மணலித் தொழிற்சாலைக்கும் இந்தக் கட்டியோடு தொடர்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு, மேலே சொன்ன பட்டியலில் அவை இல்லை என்பதே பதில். நுரையீரலைக் கெடுக்க அவற்றுக்கு வேறு வழிகள் போதும்.

மெனிஞ்சியோமா மண்டையை விட்டு வெளியே பரவுவது ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில் நடக்கிற சமாச்சாரம். பரவினால் போய்ச் சேரும் முதல் இடம் நுரையீரல். பரவியவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு அங்கேதான். அதற்கப்புறம் கல்லீரல், எலும்பு, நெறிக்கட்டிகள். கிரேடு 3-க்கு ஆபத்து கூடுதல் என்பது எதிர்பார்த்ததே. கிரேடு 1 கட்டியும் பரவியிருக்கிறது என்பதுதான் எதிர்பாராதது. சில மாதங்களிலும் பரவும், முதல் ஆபரேஷனுக்கு இருபது வருடம் கழித்தும் தலைகாட்டும்.

ஏன் நுரையீரல் என்பதற்கு உடற்கூறே பதில் சொல்லும். மண்டையின் உச்சியில், நெற்றியிலிருந்து பிடரி வரை, டியூராவின் இரண்டு மடிப்புக்கு நடுவே ஒரு பெரிய சிரை வாய்க்கால் ஓடுகிறது. மூளையின் மேல்பகுதி ரத்தம் அதில்தான் வடிகிறது. உச்சியில் முளைக்கும் மெனிஞ்சியோமா இந்த வாய்க்காலின் சுவரை அரித்து உள்ளே போய்விடும். அங்கிருந்து ஒரு செல்கூட்டம் பிய்த்துக்கொண்டால் கழுத்துச் சிரை, மேற்பெருஞ்சிரை, இதயத்தின் வலப்பக்கம், நுரையீரல் தமனி என்று நேர்வழி. வழியில் அதை நிறுத்த எதுவும் இல்லை. உடம்பின் சிரை ரத்தத்தை முதலில் வடிகட்டுவது நுரையீரலின் நுண்குழாய்கள். ஒரு குழாயின் அகலம் ஒரு சிவப்பணு நுழைகிற அளவுதான், எனவே கூட்டமாக வருகிற செல்கள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். முதுகெலும்புக்கும் கல்லீரலுக்கும் போவதற்குத் தனிப் பாதை உண்டு. தண்டுவடத்தை ஒட்டிப் பின்னலாக ஓடும் சிரைகள் அவை. வால்வு இல்லாததால் இருமினாலும் முக்கினாலும் ரத்தம் எதிர்த்திசையிலும் ஓடும். இதை விளக்கியவர் ஆஸ்கர் பேட்சன், 1940-ல். மூளை உறையில் நிணநீர்க் குழாய்களே இல்லை என்று வெகுகாலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2015-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அவை இருப்பதைக் காட்டின. கழுத்து நெறிக்கட்டிக்குப் போகிற வழி அதிலிருந்து ஓரளவு புரிகிறது.

வழி இவ்வளவு திறந்திருந்தும் ஏன் ஆயிரத்தில் ஒன்று? இந்தச் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டே வளர்பவை, சுலபத்தில் பிரிவதில்லை. பிரிந்து போனாலும் வேற்றுமண்ணில் வேர்விடுவது வேறு வேலை.

"கத்தி பட்டா கட்டி பரவிடும்" என்ற பேச்சு இங்கேதான் நுழைகிறது. பரவிய நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் முன்பு மண்டை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்பது நிஜம். ஆனால் தொந்தரவு கொடுக்கிற மெனிஞ்சியோமா என்றாலே முதல் சிகிச்சை ஆபரேஷன்தான். ஆகவே எந்த மெனிஞ்சியோமா கூட்டத்தை எடுத்தாலும் தழும்பு உள்ளவர்களே அதிகம் இருப்பார்கள். ஆபரேஷனே செய்யாதவர்களுக்கும் பரவியது பதிவாகியிருக்கிறது. கணக்கில் எடுக்க வேண்டியது, எவ்வளவு முழுமையாக எடுத்தார்கள் என்பதைத்தான். 1957-ல் டொனால்ட் சிம்ப்சன் இதற்கு ஐந்து படி வகுத்தார். கட்டி, அது ஒட்டிய டியூரா, அரித்த எலும்பு எல்லாம் போனால் முதல் படி. பயாப்ஸி மட்டும் எடுத்தால் ஐந்தாம் படி. முதல் படியில் கட்டி திரும்ப வந்தது 9 சதவீதம் பேருக்கு. இரண்டாம் படியில், அதாவது டியூராவை வெட்டாமல் சுட்டு மட்டும் விட்டவர்களில், 19. அதற்கும் கீழே போகப்போக எண் ஏறும். சிரை வாய்க்காலுக்குள் புகுந்த கட்டியை முழுசாக எடுக்கப் போனால் மூளையே வீங்கிப்போகலாம் என்பதால், ஒரு துண்டை விட்டுவைப்பது வழக்கம். அந்தத் துண்டு வளர்ந்து, திரும்ப ஆபரேஷன், திரும்ப வளர்ச்சி என்று போகிறவர்களிடம்தான் நுரையீரல் பரவல் அதிகம் காணப்படுகிறது. ஆகவே கத்திக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது தலைகீழ் நியாயம்.

நுரையீரலுக்கு வந்தபின் இது பெரும்பாலும் சத்தம் போடாது. இருமல் இல்லை, சளியில் ரத்தம் இல்லை, எடையும் குறைவதில்லை. வேறு எதற்காகவோ எடுத்த படத்தில்தான் தெரியும்: வெளிநாட்டு மெடிக்கல், மயக்கமருந்துக்கு முன் எடுக்கும் மார்பு எக்ஸ்ரே, தலைக்கட்டி திரும்ப வந்து மறு ஆபரேஷனுக்குப் போகும்போது. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கிற உருண்டை எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தப்பிவிடும், சி.டி.யில்தான் கணக்கு தெரியும். விளிம்பு வழுவழுவென்று, வட்டமாக, குழி விழாமல், இரண்டு பக்கமும் ஓரங்களில் சிதறி, பல அளவுகளில் இருப்பது வழக்கமான தோற்றம். அதில் ஒன்றுமட்டும் தனியாக இருந்தால் நுரையீரலின் சொந்தப் புற்று என்று நினைக்கத் தோன்றும்.

வட சென்னையில் இதற்கு முதலில் விழுகிற பெயர் டி.பி. சளியில் கிருமி இல்லை, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் சோதனையும் நெகட்டிவ், ஆனாலும் "ஆறு மாசம் மாத்திரை போட்டுப் பாக்கலாம்" என்று ஆரம்பித்துவிடுவது பழக்கம். பல நோயாளிகளுக்கு அது சரியாகவும் போகும். மெனிஞ்சியோமா பரவலில் அது இரண்டு விதமாகக் கெடுக்கும்.

ஒன்று, இந்த உருண்டைகள் அத்தனை மெதுவாக வளர்பவை. ஆறு மாதம் கழித்து எடுத்த சி.டி.யில் அளவு அப்படியே இருக்கும். 'பெரிசாகல, மருந்து கேட்டிருக்கு' என்று எழுதிவிடுவார்கள். மருந்தே கொடுக்காமல் இருந்தாலும் அப்படியேதான் இருந்திருக்கும். டி.பி. உருண்டை மருந்துக்குக் கட்டுப்பட்டால் சுருங்க வேண்டும். மாறாமல் இருப்பது கேள்விக்குறி.

இரண்டாவது இன்னும் அபாயம். தலையில் கட்டி எடுத்தவர்களில் பலர் வலிப்பு மாத்திரையில் இருப்பார்கள். டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு, வலிப்பு மருந்துகளான ஃபெனிடோயின், சோடியம் வால்புரோவேட் இரண்டின் அளவையும் ரத்தத்தில் இறக்கிவிடும். இன்னொரு டி.பி. மருந்தான ஐசோநியாசிட் ஃபெனிடோயின் அளவை ஏற்றும். சேர்த்துக் கொடுக்கும்போது எது ஜெயிக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வருடக்கணக்கில் வலிப்பே வராதவருக்கு டி.பி. மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் வலிப்பு வந்தால், 'தலைக்கட்டி திரும்பிடுச்சு' என்று பதறுவதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பார்க்க வேண்டும். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் எடுப்பவருக்கு ரிஃபாம்பிசின் அதையும் கரைத்துவிடும். லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. டி.பி. உறுதியாகவே இருந்து மருந்து கொடுத்தே ஆக வேண்டிய நிலையில், வலிப்பு மருந்தை மாற்றுவதா, ரத்தத்தில் அளவு பார்த்துக் கூட்டுவதா என்பதை நரம்பியல் டாக்டர் சொல்ல வேண்டும். மார்பு ஓ.பி.யும் நரம்பியல் ஓ.பி.யும் ஒரே வளாகத்தில் இருந்தால்கூட ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிவது சீட்டு கையில் இருந்தால்தான்.

பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா? சர்க்கரை வைத்து எடுக்கும் சாதாரண பெட் ஸ்கேனில் டி.பி. பளீரென்று எரியும், மந்தமான மெனிஞ்சியோமா மங்கலாகத்தான் தெரியும். அதைப் பார்த்து எரிவதைப் புற்று என்றும் மங்கலை ஒன்றுமில்லை என்றும் படித்தால் இரண்டுமே தப்பாகப் போகலாம். காலியம் டோட்டாடேட் பெட் வேறு ரகம். மெனிஞ்சியோமா செல்களின் மேல் சோமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் ஒட்டும் ஏற்பி நிறைய இருப்பதால் அந்த மருந்து அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். நுரையீரல் உருண்டையும் தலையில் மிச்சமிருக்கிற கட்டியும் ஒன்றுபோல ஒளிர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் டி.பி. போன்ற வீக்கங்களும் கொஞ்சம் ஒளிரும். நுரையீரலின் கார்சினாய்டு கட்டியும் ஒளிரும். ஆகவே எந்த ஸ்கேனும் பயாப்ஸிக்குப் பதில் ஆகாது.

பயாப்ஸி சி.டி. வழிகாட்டலில் ஊசி மூலம் எடுப்பது. உருண்டை எட்டு, பத்து மில்லிமீட்டராவது இருந்தால்தான் ஊசி சரியாகப் போய்ச் சேரும். அதற்குக் கீழே என்றால் கேமரா வைத்து மார்பு அறுவை நிபுணர் ஓரத்தை ஆப்பு மாதிரி வெட்டி எடுப்பதே நல்லது. மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. இங்கே போதாது. நீண்ட கதிர் வடிவச் செல்கள் என்று மட்டும் சொல்லி நின்றுவிடும், அப்படிப்பட்ட கட்டிகள் ஒரு டஜன் இருக்கின்றன. துண்டாகவே வெட்டி எடுக்கும் 18 கேஜ் கோர் ஊசியால் மூன்று நான்கு துண்டாவது வேண்டும். முன்னேற்பாடாக, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5-க்குள், தட்டணுக்கள் 50,000-க்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோகிரல் மாத்திரை எடுப்பவர் இதய டாக்டரைக் கேட்டு ஐந்து நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஊசி உள்ளே இருக்கும்போது இருமக்கூடாது, மூச்சை ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்குப் பிடிக்க வேண்டும். அதை முன்னாலேயே சொல்லிப் பழக்கினால்தான் அந்த நேரத்தில் வரும். ஊசி எடுத்ததும் குத்திய பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைப்பார்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது நான்கைந்து பேரில் ஒருவருக்கு நடக்கும், குழாய் போட வேண்டி வருவது அதில் சிலருக்குத்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு எக்ஸ்ரே, நாலு மணி நேரத்தில் இன்னொன்று எடுத்துப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அந்த அறையில் இருக்கிற ஒரு சின்ன விஷயத்தைத்தான் இந்த ஊரில் நான் அழுத்திச் சொல்வேன்: மேஜையில் இரண்டு பாட்டில் இருக்க வேண்டும். ஒன்றில் பத்து சதவீத ஃபார்மலின், துண்டைப்போல் பத்து மடங்கு அளவு. இன்னொன்றில் வெறும் ஸ்டெரைல் சலைன். எடுத்த துண்டுகளில் ஒன்றாவது சலைனுக்குப் போக வேண்டும், அதுதான் சி.பி.நாட்டுக்கும் டி.பி. கல்ச்சருக்கும். எல்லாத் துண்டையும் பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது. பத்து நாள் கழித்து, 'கிரானுலோமா மாதிரி இருக்கிறது, டி.பி. கல்ச்சர் பார்க்கவும்' என்று (கிரானுலோமா என்றால் டி.பி. போன்றவற்றில் வரும் அழற்சி முடிச்சு) ரிப்போர்ட் வரும்போது, திரும்ப ஊசி குத்த வேண்டிவரும். உருண்டையின் நடுவில் குத்துவதைவிட ஓரத்தில் குத்துவது உத்தமம். நடுப்பகுதி செத்த திசுவாக இருந்தால் எந்த நோயையும் சொல்லாது.

மைக்ராஸ்கோப்பில் மெனிஞ்சியோமா தன்னைக் காட்டிக்கொடுக்கும் விதம் அழகு. செல்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி, சின்ன வெங்காயத்தைக் குறுக்கே அறுத்துவைத்த மாதிரி வட்டவட்டமாக இருக்கும். சில வட்டங்களின் நடுவில் கால்சியம் படிந்து கருநீல மணியாக உறைந்திருக்கும். அவைதான் சமோமா மணிகள். சில உட்கருக்களில் ஓட்டை விழுந்த மாதிரி வெளிறிய புள்ளி தெரியும். கிரேடு கூடக்கூட இந்த அழகெல்லாம் கலைந்து வெறும் தாள் தாளாகச் செல்கள் மட்டும் நிற்கும், அங்கேதான் ஐ.எச்.சி., அதாவது செல்லில் உள்ள புரதங்களைச் சாயம் ஏற்றிக் காட்டும் சோதனை, இல்லாமல் நகர முடியாது. பார்க்க வேண்டிய குறிப்பான்கள்: இ.எம்.ஏ., எஸ்.எஸ்.டி.ஆர்.2ஏ (முன்பு சொன்ன சோமாட்டோஸ்டாட்டின் ஏற்பி), புரொஜெஸ்டிரோன் ஏற்பி, இவை பாசிட்டிவாக வர வாய்ப்பு அதிகம். ஆனால் இவற்றில் எதையும் ஒற்றையாக நம்பக்கூடாது. இ.எம்.ஏ. நுரையீரல் புற்றின் ஒரு வகையான அடினோகார்சினோமாவிலும் வரும், அதற்குத்தான் அந்தப் புற்றைக் காட்டும் டி.டி.எஃப்.-1, நாப்சின் ஏ இரண்டும் சேர்த்துப் போடுவது. புரொஜெஸ்டிரோன் ஏற்பி மார்பகப் புற்றிலும் வரும், ஆகவே பெண்ணாக இருந்தால் மார்பகப் புற்றைக் காட்டும் காட்டா3. எஸ்.எஸ்.டி.ஆர்.2ஏ கார்சினாய்டிலும் வரும், ஆகவே கார்சினாய்டைக் காட்டும் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின்.

இதில் மறக்கக்கூடாதது ஸ்டாட்6 என்ற குறிப்பான். முன்காலத்தில் 'ஆஞ்சியோபிளாஸ்டிக் மெனிஞ்சியோமா', 'ஹெமாஞ்சியோபெரிசைட்டோமா' என்று எழுதியவற்றில் கணிசமானவை மெனிஞ்சியோமாவே இல்லை. இப்போது அவை சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர் என்ற தனிக் கணக்கில் இருக்கின்றன. 2013-ல் அதன் அடையாளமான மரபணு ஒட்டு, அதாவது இரண்டு மரபணுக்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டது, கண்டுபிடிக்கப்பட்டது. அது இருந்தால் ஸ்டாட்6 உட்கருவில் பழுப்பாக எழும். மெனிஞ்சியோமாவில் எழாது. அந்தக் கட்டி நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவுவது சகஜம், தாமதித்தும் பரவும். பழைய ரிப்போர்ட்டில் 'மெனிஞ்சியோமா' என்று இருப்பதை அப்படியே நம்பாமல், பழைய தலைத் துண்டு, புதிய நுரையீரல் துண்டு இரண்டுக்கும் ஸ்டாட்6 போட்டுப் பார்ப்பது கண்டிப்பாகச் செய்ய வேண்டிய வேலை.

தலையில் எதுவுமே இல்லாமல் நுரையீரலிலேயே மெனிஞ்சியோமா உருவாவதும் உண்டு. 1982-ல் முதலில் பதிவானது. பெரும்பாலும் ஒற்றை உருண்டை, சாது. அந்த முடிவுக்கு வருவதற்கு முன் தலைக்கும் தண்டுவடத்துக்கும் கான்ட்ராஸ்ட் போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்திருக்க வேண்டும். மெனிஞ்சியோமா செல்போலவே இருக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முடிச்சுகள் நுரையீரலில் தானாகவே இருக்கும், அவற்றால் தொல்லை ஒன்றும் இல்லை. எதிர்த்திசையும் உண்டு: நுரையீரல் புற்றோ மார்பகப் புற்றோ டியூராவுக்குப் பரவி, எம்.ஆர்.ஐ.யில் மெனிஞ்சியோமா மாதிரியே வால் நீட்டி நிற்கும். டி.பி.யும் டியூராவைத் தடிக்கவைத்து அதே வேஷம் போடும். தலையும் மார்பும் ஒரே சமயத்தில் முதல்முறையாகத் தெரியவந்தால் எது முதல், எது பின் என்று ஸ்கேனை மட்டும் பார்த்துச் சொல்ல முயல்வது வீண்வேலை.

இதையெல்லாம் முடித்துவைப்பது பழைய மெழுகுக் கட்டை, லேப் பாஷையில் பிளாக். முதல் ஆபரேஷனில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து அந்த ஆஸ்பத்திரியின் நோய்க்குறியியல் துறையில் எண் போட்டு வைத்திருப்பார்கள். கஞ்சித்தொட்டி என்று ஜனங்கள் சொல்கிற ஸ்டான்லியாக இருக்கட்டும், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ஜி.எச். ஆக இருக்கட்டும், தனியார் ஆஸ்பத்திரியாக இருக்கட்டும், கேட்கும் முறை ஒன்றுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள ஐ.பி. எண்ணைவிட பயாப்ஸி ரிப்போர்ட்டின் மூலையில் இருக்கும் பயாப்ஸி எண்தான் அங்கே வேலைசெய்யும். இப்போது பார்க்கிற டாக்டரின் கடிதம், நோயாளியின் அடையாள அட்டை நகல், இரண்டும் வேண்டும். பிளாக்கையே கொடுக்கத் தயங்கினால், அதிலிருந்து நாலு மைக்ரான் தடிமனில் எட்டுப் பத்து சாயம் போடாத ஸ்லைடு கேளுங்கள். அவை பூச்சு போட்ட ஸ்லைடாக இருக்க வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். சாதாக் கண்ணாடியில் வெட்டிக் கொடுத்தால் ஐ.எச்.சி.க்குச் சூடுபடுத்தும்போது திசு கழன்று தண்ணீரோடு போய்விடும், திரும்ப நடையாய் நடக்க வேண்டும். பிளாக்குகளை எந்த ஆஸ்பத்திரியும் காலத்துக்கும் வைத்திருக்காது. தேவைப்படும் என்ற சந்தேகம் வந்த அன்றே கேட்பது நல்லது.

வீட்டில் இருக்கிற ஃபைல் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் புளியந்தோப்பு, வியாசர்பாடி, மணலி வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டில் துணிக்கடைப் பையில் சுருட்டிவைத்த ஸ்கேன் ஃபிலிம்கள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்துவிடும். இரண்டே தாளைப் போனில் படம் பிடித்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவைத்தால் போதும்: டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட். முதலாவதில் கட்டி எந்த இடம், சிரை வாய்க்காலைத் தொட்டதா, சிம்ப்சன் படி என்ன என்று இருக்கும். இரண்டாவதில் கிரேடு, செல் பிரியும் எண்ணிக்கை, மூளைக்குள் புகுந்ததா, பயாப்ஸி எண். ஃபிலிமைவிட ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகடு மேல், அதில் எல்லாப் படங்களும் இருக்கும்.

நோய் உறுதியானபின் என்ன செய்வது என்பதில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வழி கிடையாது. இவ்வளவு அரிதான நோய்க்கு ஆயிரம் பேரை வைத்து ஆய்வு நடத்த முடியாது. ஒன்றிரண்டு உருண்டை, தலையில் கட்டி கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றால் வெட்டி எடுப்பது முதல் யோசனை. வெட்ட உடம்பு தாங்காதவருக்குக் குறிபார்த்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. நிறைய உருண்டைகள், ஆனால் கிரேடு குறைவு, தொல்லை இல்லை என்றால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு சி.டி. எடுத்துக் காத்திருப்பதும் சிகிச்சைதான். 'ஒண்ணும் பண்ணாம விட்டுட்டாங்க' என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வேகம் தெரியாமல் மருந்து கொடுத்தால், அப்புறம் அடங்கியிருப்பது மருந்தாலா இயல்பாலா என்று யாருக்கும் தெரியாது.

மருந்து என்று வரும்போது பட்டியல் நீளம், பலன் குட்டை. ஹைட்ராக்ஸியூரியா வெகுகாலமாக எழுதப்படுகிறது, நம்பிக்கை தருகிற பலன் இல்லை. புரொஜெஸ்டிரோனைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோனைப் பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள், வித்தியாசம் தெரியவில்லை. பெவாசிசுமாப், சுனிடினிப், எவரோலிமஸ் என்ற புற்றுமருந்துகள் சிலருக்கு வளர்ச்சியை நிறுத்திவைக்கின்றன. டோட்டாடேட் பெட்டில் நன்றாக ஒளிர்கிறவர்களுக்கு சோமாட்டோஸ்டாட்டின் ஏற்பியில் ஒட்டுகிற ஆக்ட்ரியோடைட் நீண்டநாள் ஊசி, 28 நாளுக்கு ஒருமுறை 30 மில்லிகிராம், கொடுத்துப் பார்ப்பதுண்டு. அடுத்த படி லுட்டீசியம்-177: அதே ஏற்பியில் ஒட்டுகிற மருந்தில் கதிரியக்கத்தைக் கட்டி அனுப்புவது. வழக்கமாக எட்டு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தவணை, ஒவ்வொன்றும் 7.4 ஜிகாபெக்கரல் கதிரியக்கம். சிறுநீரகத்தைக் காக்க அமினோ அமிலக் கரைசலை ஏற்றிக்கொண்டே கொடுப்பார்கள். நீண்டநாள் ஊசியை நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஏற்பிகள் ஏற்கனவே நிரம்பியிருக்கும். பெட்டில் கல்லீரலைவிட அதிகமாக ஒளிராத உருண்டைக்கு இதைக் கொடுப்பது பணத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

பணம் என்றதும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. இந்த நோய்க்கென்று தனித் தொகுப்பு எதிர்பார்க்காதீர்கள். நுரையீரல் அறுவை, கதிர்வீச்சு, சி.டி. என்று செய்கிற வேலையின் பெயரில்தான் அனுமதி கேட்பார்கள். எந்த வேலை எந்தத் தொகுப்பில் வரும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் எழுதிக் கேட்டுவிடுங்கள். ஐ.எச்.சி. வெளி லேபுக்குப் போனால் ஒவ்வொரு குறிப்பானுக்கும் தனிக் காசு; மேலே சொன்ன பட்டியல் முழுவதையும் ஒரே நாளில் போடச் சொல்லாமல் இ.எம்.ஏ., எஸ்.எஸ்.டி.ஆர்.2ஏ, டி.டி.எஃப்.-1, ஸ்டாட்6 நாலோடு ஆரம்பித்து, அதில் தெளியாவிட்டால் மட்டும் மேலே போகச் சொல்லிக் கேட்கலாம்.

மெனிஞ்சியோமா எடுத்த எல்லோரும் வருடாவருடம் மார்பு சி.டி. எடுக்க வேண்டுமா? வேண்டாம். ஆயிரத்தில் ஒருவருக்காக மீதி 999 பேரைக் கதிர்வீச்சில் நிறுத்துவது நியாயமில்லை. எடுத்தாலும் இந்த ஊரில் பழைய டி.பி. தழும்புகள்தான் கண்டுபிடிக்கப்பட்டு வேண்டாத ஊசிகள் குத்தப்படும். தலை எம்.ஆர்.ஐ. மட்டும் தவறக்கூடாது. ஐரோப்பிய நரம்பியல் புற்றுநோய்ச் சங்கம் 2021-ல் சொன்ன கணக்கு இது: கிரேடு 1 என்றால் ஐந்து வருடம் வரை ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கிரேடு 2 என்றால் ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. கிரேடு 3 என்றால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முடிவில்லாமல். மார்பு சி.டி.யை நான் கேட்பது மூன்று பேருக்குத்தான்: கிரேடு 3 உள்ளவர், கட்டி சிரை வாய்க்காலுக்குள் புகுந்து திரும்பத் திரும்ப வளர்கிறவர், காரணம் தெரியாத இருமலோ மூச்சிரைப்போ மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கிறவர். மூன்றாமவருக்கு முதலில் சளிப் பரிசோதனை, அரசு மையங்களில் அது இலவசம். சளி கொடுக்கும்போதே "தலையில கட்டி எடுத்திருக்கேன் சார்" என்று சொல்லி, சீட்டில் அதை எழுதவைத்துவிட வேண்டும்.